கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி போட்டேன்!

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டென்றால் எனக்குப் பைத்தியம். அதற்காகவே மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி, சக்திவாய்ந்த கம்ப்யூட்டர் வாங்கினேன். கண் பட்டுவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சாம்பிராணி காட்டினேன்.

ஒருநாள் விமானம் தரையிறங்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக், திறந்துகூடப் பார்க்காமல், “கார்டு கதம், மேடம்!” என்று கதையை முடித்துவிட்டார். புது கிராபிக்ஸ் கார்டுக்கு இன்னொரு மாதச் சம்பளம் போய்விடும்.

“பேசாம வித்துடு” என்றார் கணவர்.

வீம்பு வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே மூடியைக் கழற்றினேன். விசிறிகளில் டெல்லித் தூசியும் சாம்பிராணிப் பிசுக்கும் அப்பிக் கிடந்தன; காற்றில்லாமல் சூடேறித்தான் அணைந்திருக்கிறது. பெயிண்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்து போட்டேன், பழைய வேகம்! அன்றே சென்னையில் ஜம்மென்று தரையிறங்கினேன்.

இப்போது மாதாமாதம் பிரஷ் போடுகிறேன். சாம்பிராணி சாமிக்கு மட்டும்தான். நான் தூபக்காலை எடுத்ததுமே ஓடிப்போய் கம்ப்யூட்டர் அறைக் கதவைச் சாத்துபவர், அதை விற்கச் சொன்ன அதே மனிதர்தான்!