இரண்டாவது டிஸ்க்

ஆய்வு மாணவர்கள் அவளை 'ஒற்றக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் சிரிப்போடு, முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் எரிச்சலோடு. அவர்கள் கிறுக்கிக்கொண்டு வரும் ஆய்வேட்டைக் கணினியில் அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அடித்துக் கொடுத்தால் போதும்தான். கை சும்மா இருக்காது. ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒற்றுப் போடுவாள். 'முயற்ச்சி' என்று கண்டால் நடுவில் நிற்கும் 'ச்'சைப் பிடுங்கி எறிவாள்.

அப்படிக் கண்ணில் பட்ட பிழைகளையெல்லாம் பதினான்கு வருடமாக ஒரு கோப்பில் சேர்த்து வந்தாள். தப்பு, அதன் பக்கத்தில் சரி, ஏன் சரி என்று ஒரு வரி. நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்டதுமில்லை. ஒரு பதிப்பகக்காரர் தற்செயலாக அதில் பத்துப் பக்கத்தை வாங்கி வாசித்துவிட்டு, "இதை இத்தனை நாளா எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? மாசக் கடைசிக்குள்ள முழுசையும் அனுப்புங்க, புத்தகமா போட்டுடலாம்" என்றார்.

அனுப்ப உட்கார்ந்தபோது மின்னஞ்சல் திறக்கவில்லை. இந்தப் பழைய இயங்குதளத்தில் இனி வேலை செய்யாது, புதியதுக்கு மாறுங்கள் என்றது திரை.

"தம்பி வந்து பார்ப்பான், அவசரப்படாத" என்றார் கணவர். தம்பி என்றால் அவள் கொழுந்தன். ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று குடும்பத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. 'அவன் கம்ப்யூட்டர்ல இருக்கான்' என்பார்கள், அவ்வளவுதான்.

அவள் காத்திருக்கவில்லை. மாணவி ஒருத்தியின் மடிக்கணினியை இரவல் வாங்கி, ஒரு கறுப்புப் பென்டிரைவில் புதிய இயங்குதளத்தை ஏற்றினாள். பழைய கணினி அதைச் சீந்தவே இல்லை. தேடிப் படித்ததில், இவ்வளவு பழைய பெட்டிக்குப் பென்டிரைவை வேறு மாதிரி தயாரிக்க வேண்டும் என்று தெரிந்தது. மறுபடி ஏற்றினாள். இந்த முறை கிளம்பியது, முப்பத்தேழு சதவீதத்தில் செத்தது. மூன்று நாள் அதே முப்பத்தேழு. நாலாம் நாள் பெட்டியைத் திறந்து, நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் செப்புப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினாள். கிடுகிடுவென்று ஓடியது.

எந்த டிஸ்க்கில் நிறுவட்டும் என்று கேட்டது. உள்ளே இரண்டு டிஸ்க். இரண்டும் ஒரே அளவு. பெயர் இல்லை, வெறும் எண். ஒன்றில் அவளுடைய பதினான்கு வருடம் இருந்தது. எது என்று நிச்சயமில்லாமல் கை வைக்க அவளுக்கு மனமில்லை. அணைத்துவிட்டாள். பழைய இயங்குதளத்துக்கே திரும்பிப் போய், இரண்டாவது டிஸ்க்தான் அது என்று உறுதி செய்துகொண்டு, தொகுப்பை நீலப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்தாள். நிறுவல் சரிவராவிட்டால் அதையே வெளியில் கொண்டுபோய் அனுப்பிவிடலாம். அந்த டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு நாளைக்கு நிறுவலாம் என்று படுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கொழுந்தன் வந்துவிட்டான்.

"என்ன அண்ணி, பெட்டியைத் திறந்து போட்டு ஆபரேஷன் பண்றீங்க?"

"முக்கால்வாசி முடிச்சிட்டேன் தம்பி. ரெண்டாவது டிஸ்க்கை மட்டும் தொடாதீங்க. என் வேலையெல்லாம் அதுலதான் இருக்கு."

"நீங்க போய் டீ போடுங்க, நான் பாத்துக்கறேன்."

அடுப்படியில் அவள் நின்றது அரை மணி நேரம். கணவர் பசிக்கிறது என்றதால் தோசைக்கல்லையும் வைக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது திரையில் புத்தம் புதிய நீலம்.

"பாத்தீங்களா? நீங்க ஒரு வாரமா முட்டிக்கிட்டதை இருபது நிமிஷத்துல முடிச்சாச்சு. ரெண்டு டிஸ்க்கையும் துடைச்சு ஒண்ணாக்கிட்டேன். இனிமே இடப் பிரச்சினையே வராது."

அவள் மேசையைப் பார்த்தாள். கணினியில் செருகியிருந்தது நீலப் பென்டிரைவ்.

"அது எதுக்கு?"

"உங்க கறுப்பு ஒண்ணு ஆமை மாதிரி போச்சு. இதை அழிச்சு என் லேப்டாப்புல புதுசா ஏத்திக்கிட்டேன்."

என்ன போயிற்று என்று அவள் சொல்லச் சொல்ல, கொழுந்தனின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அந்த ஒரு நொடிதான். பிறகு, "முக்கியமான ஃபைல்னா எழுதி ஒட்டியிருக்கணும் அண்ணி" என்றான்.

"தொடாதீங்கன்னு வாயால சொன்னேனே."

"சரி விடு" என்று குறுக்கே வந்தார் கணவர். "லீவு நாள்ல உதவி பண்ண வந்தவன்கிட்ட மல்லுக்கு நிக்காத. வார்த்தைகள்தானே, அகராதியில இல்லாததா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பேசியிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. கொழுந்தன் தோசை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்காரர் நாலு நாள் போராடினார். கிடைத்ததில் பாதி எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக இருந்தது. மிச்சத்தில் தப்பு எது சரி எது என்ற வரிசையே கலைந்து, எல்லாம் கூழாகிக் கிடந்தது. பதிப்பகக்காரர் நல்ல மனிதர். "முதல்ல குடுத்த பத்துப் பக்கம் இருக்கேம்மா" என்றார். அது பள்ளி நோட்டுப் புத்தகங்களோடு இலவசமாகக் கொடுக்கும் ஒரு சிறு பிரசுரமாக வந்தது. இலவசத்துக்கு யார் பெயர் போடுவார்கள்?

கொழுந்தனோ போகிற வீடெல்லாம் அண்ணியின் செத்த கணினிக்கு உயிர் கொடுத்த கதையைச் சொன்னான். உறவுக்காரர்கள் அவளுக்கே போன் போட்டு, "எங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கு, உன் கொழுந்தன் நம்பரைக் குடேன்" என்றார்கள். கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் வந்தான். ஏதோ அவசரமாக அனுப்ப வேண்டுமென்று கணினி முன்னால் உட்கார்ந்தான்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கீங்களா? சொல்லுங்க அண்ணி."

அவள் அடித்துக்கொண்டிருந்த ஆய்வேடு பாதியில் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"மறந்துபோச்சு தம்பி" என்றாள்.

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரையும் பார்த்தாள். "மறந்துபோச்சுங்க" என்றாள் மறுபடியும்.