மாசக் கடைசியில் காய்கறி வண்டி

காய்கறி வியாபாரத்தில் கஷ்டமான வேலை விடியக்காலையில் மார்க்கெட்டுக்குப் போவதோ மூட்டை தூக்குவதோ இல்லை. காலிஃப்ளவரைக் கையில் எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்துவிடுகிறவரின் முகத்தைப் பார்க்காத மாதிரி தராசைத் துடைப்பதுதான்.

தர்மபுரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு இண்டூர் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் விற்கிறேன். மூணு சக்கர வண்டி, மேலே ஒரு ஒலிபெருக்கி. காய்கறியோடு முட்டையும் நிலக்கடலையும் உண்டு. இதைப் படிக்கிற நீங்களும் மாசக் கடைசியில் இப்படி ஒரு வண்டிக்கு முன்னால் நின்று, பீன்ஸா கத்தரிக்காயா என்று மனசுக்குள் மல்லுக்கட்டியவராகத்தான் இருப்பீர்கள். வண்டிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் வீட்டில் அதே பாடுதான். "நல்லா சத்தா சாப்பிடுங்க" என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்த ஒரு வரி கடைசியில் எங்கள் வண்டிக்குத்தான் வந்து சேர்கிறது.

மாதுளை வந்த வீடு

சக்திவேல் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். மனைவி ரம்யா மாசமாக இருந்தபோது ரத்தம் ரொம்பக் குறைவு, இப்படியே போனால் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனுஷன் பயந்துபோனார். மாதுளை கொடு என்று யாரோ சொல்ல, என்னிடம் வந்து கேட்டார். நான் பழம் விற்பதில்லை. ஆனாலும் மறுநாள் அவருக்காக வாங்கி வந்தேன். விலையைக் கேட்டு ஒரு நொடி நின்றார், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் முகம் வாடி வந்தார். கூட்டுக் குடும்பம், அண்ணன் பிள்ளைகள் இருக்கிற வீடு. பழத்தை அறுத்ததும் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்களாம். அவர்களை நிற்க வைத்துவிட்டு ரம்யா எப்படித் தனியாகத் தின்பாள்? எல்லாருக்கும் போக, தோலில் ஒட்டியிருந்த முத்துகள்தான் அவளுக்கு. பழத்துக்குக் கொடுத்த காசில் அந்த வாரம் காய்கறியும் குறைந்துபோனது. பிறகு ஊருக்கு வரும் நர்ஸம்மா அவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார். சத்து மாத்திரையை விடாமல் போடணும், அதை டீயோடு விழுங்கக் கூடாது, கீரை, கேழ்வரகு, நிலக்கடலை, சாப்பாட்டோடு ஒரு எலுமிச்சை என்று எல்லாம் கைக்கு எட்டுகிற சங்கதியாகவே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சக்திவேலுக்கென்று ஒரு கட்டுக் கீரையைத் தனியாக எடுத்து வைத்தேன். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே கிடைத்தது.

பிரசவத்துக்கு முன்னால் ரத்தம் தேறிவிட்டது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். சாக்லேட்டோடு வண்டிக்கு வந்தவரிடம், இப்போதாவது தாய்க்கு ஒரு மாதுளை கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்ணா. மாதுளைய வாங்கிட்டுப் போனா வூடே கூடிருது. கீரையக் கட்டுக் கட்டா வாங்கிட்டுப் போனேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அவ நிம்மதியா சாப்ட்டா."

பாக்கெட்டுக்குள் இருந்தது

மாதம்மாவுக்குச் சொந்த நிலம் உண்டு, ராகி விளைகிறது. ஆனால் ஒன்பதாவது படிக்கிற மகனுக்குக் களி ஆகாது. டிவியில் வரும் சத்து மாவுதான் வேண்டும், அதுவும் அந்த பாக்கெட்தான் வேண்டும். வீட்டு ராகியை மூட்டையாக விற்றுவிட்டு, பாக்கெட்டில் மாவு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பாக்கெட் வாங்கினால் ஒரு வாரக் காய்கறி போய்விடும். அந்த வீட்டில் கேரட்டும் பீன்ஸும் வாங்குவது நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன்.

திடீரென்று ஒருநாள் பழையபடி வாங்க ஆரம்பித்தார். மகன் மாவை விட்டுவிட்டானா என்று விசாரித்தேன். இல்லை, இப்போதுதான் ஆசையாகக் குடிக்கிறான் என்றார். வீட்டு ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, கொஞ்சம் நிலக்கடலையும் ஏலக்காயும் சேர்த்து மில்லில் அரைத்து, அந்தப் பழைய பாக்கெட்டிலேயே கொட்டி வைத்திருக்கிறார். போன பாக்கெட்டைவிட இது ருசி என்று பையன் வேறு பாராட்டியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கண்டுபுடிச்சா கண்டுபுடிக்கட்டுங்க. அதுக்குள்ள எலும்பு கொஞ்சம் கெட்டியாயிரும்."

விலை விழுந்த தக்காளி

எங்கள் பக்கத்துத் தக்காளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் தங்கம், ஒரு மாதம் குப்பை. அப்படி விலை விழுந்த ஒரு சமயம், விற்காத பெட்டிகளோடு நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தையல் கம்பெனிக்குப் போகிற ஆரோக்கியமேரி அக்கா மட்டும் ஒரு முழுப் பெட்டியைக் கேட்டார். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் அறுத்து, உப்புப் போட்டு, மொட்டை மாடியில் காயவைத்துவிட்டார்.

அப்புறம் விலை ஏறியது. பெண்கள் தக்காளியை எண்ணி வாங்கினார்கள். மேரி அக்கா என் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பூசணியும் முள்ளங்கியும் வாங்கிக்கொண்டு போனார். பேச்சுவாக்கில் எங்கள் வீட்டிலும் புளிக்குழம்புதான் என்று சொல்லிவிட்டேன். விற்கிற விலைக்கு நானே எடுத்துத் தின்ன முடியுமா? மறுநாள் ஒரு டப்பா நிறையத் தக்காளி வத்தலைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். எதற்கு என்று நான் மறுத்தேன்.

"விக்கறவர் வூட்லயும் தக்காளி இருக்கணுமில்லைங்க."

நாலு முட்டை

செல்வி அக்கா தினமும் என்னிடம் ரெண்டு முட்டை வாங்குவார். லாரியில் போகிற கணவருக்கு ஒன்று, கொத்து வேலைக்குப் போகிற மகனுக்கு ஒன்று. உழைக்கிறவர்கள் தின்னட்டும் என்பது அவர் நியாயம். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, பல வீட்டில் நான் பார்க்கிறதுதான். மகள் நந்தினி டிகிரி முடித்துவிட்டு போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுவாள்.

ஒருநாள் நான் தெருவுக்குள் நுழையும்போது, தோழிகள் அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். மைதானத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். என் வண்டியில் இருந்த எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தார்கள். ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். சோறும் ரசமும். காலையில்? ஒன்றுமில்லை, பசிக்கவில்லை என்றாள். செல்வி அக்கா மகளின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு காசை மிச்சம் பிடிக்க அந்த வீட்டில் தினமும் வாங்கும் மிக்சர் பாக்கெட் நின்றது, வாராவாரம் எடுக்கிற கோழி குறைந்தது. நந்தினி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். மயக்கம் மட்டும் திரும்ப வரவில்லை. அவள் மயங்கி விழுந்த மறுநாள் காலையில் செல்வி அக்கா கிண்ணத்தோடு வந்து நாலு முட்டை கேட்டார். விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"விருந்தாளி யாரும் இல்லைங்க. வூட்ல நாலு பேரு இருக்கோம். இத்தன நாளா ரெண்டு பேரத்தான் எண்ணிட்டு இருந்திருக்கேன்."

ஒரு கூறு

ஜோதியின் கணவர் பைக்கில் விழுந்து கால் முறிந்து வீட்டோடு கிடந்தார். ஜோதி பூத்தோட்டத்தில் பூப்பறிக்கப் போய்த்தான் குடும்பம் ஓடியது. சாயங்காலம் நான் வண்டியைக் கட்டும் நேரமாகப் பார்த்து வருவார். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும் வாங்குவார். மலிவு, வயிறும் நிறையும், ஆனால் வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். ஒருநாள் மிச்சமிருந்த கேரட், பீன்ஸ், அவரைக்காயை ஒரு பையில் போட்டு, காசு வேண்டாம் என்று நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்தப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அவரைக் காணவே இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு மட்டும் கொடுத்தால் எப்படி வாங்குவாள், எல்லாருக்கும் கொடு என்றாள். மறுநாள் சாயங்காலம் ஒரு சாக்கை விரித்து, இருக்கிற காயையெல்லாம் கலந்து கூறு கட்டினேன். ஒரு கேரட், ஒரு பிடி பீன்ஸ், பூசணிக் கீற்று, உடைந்த முருங்கைக்காய் என்று ஒரு வேளைக் கூட்டுக்கு ஆகிற அளவு. கூறு ஒன்று பத்து ரூபாய். ஸ்கூட்டரில் வந்த டீச்சரம்மாதான் முதலில் வாங்கினார். ஃபிரிட்ஜில் வைத்து அழுக விடுகிற தொல்லை இல்லை என்றார். பிறகு தெருவே வாங்கியது. ஜோதி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரவில்லை.

சில நாள் கழித்துத்தான் வந்தார். இப்போது அவர் கணவர் நன்றாக நடக்கிறார், வேலைக்கும் போகிறார். ஜோதி இன்றும் கூறுதான் வாங்குகிறார், பீன்ஸ் வதங்கியிருந்தால் என்னைத் திட்டவும் செய்கிறார். ஆனால் அன்று சாக்கின் முன்னால் உட்கார்ந்து, எல்லாக் கூறையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையில் காசை எடுத்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான்.

"எல்லாருக்கும் இதே வெலதானேங்க? அப்ப எனக்கும் ஒரு கூறு குடுங்க."

இத்தனை வீட்டு அடுப்புக்கும் சத்தாகச் சாப்பிட வழி பார்த்துக் கொடுக்கிறவன் மத்தியானம் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டால், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு பேக்கரியில் ஒரு பன்னும் டீயும்தான்.