நிம்மதியாக ஒரு ரத்தப் பரிசோதனை

பித்தான் தைக்கிற மேசையில் அவளுக்குப் பெயர் 'சொட்டு'. ஊசி குத்தினால் மற்றவர்கள் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார்கள். அவளுக்கு மத்தியானச் சாப்பாடு வரை கசியும். "வெள்ளைச் சட்டைப் பக்கம் வராத தாயே, கறுப்பு வரும்போது கூப்பிடறேன்" என்பார் மேற்பார்வையாளர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

கடைவாய்ப் பல் அழுகிக் கன்னம் வீங்கியது. பல் டாக்டர் ஈறைத் தொட்டதுமே வாயெல்லாம் ரத்தம். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, ரத்த நோய் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

"ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்கும்மா. அந்தச் செல்லுங்க ஒரு புரதத்தைச் செஞ்சு வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல விடும். காயம் பட்டா பசை மாதிரி அடைக்க உதவுறது அதுதான். உங்களுக்கு அது கம்மின்னு நினைக்கிறேன். டெஸ்ட்ல தெரிஞ்சிட்டா, மருந்து ஏத்திட்டுப் பல்லை எடுக்கலாம்."

அரைநாள் வேலை கெட்ட ஆத்திரத்தில், கணவன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே அவள் முதுகில் ஒன்று வைத்தான். பிறகு ரத்தம் எடுத்தார்கள். முடிவு, சரியான அளவு.

"ஒண்ணுமில்லாததுக்கு என்னா நடிப்புடி" என்றாள் மாமியார்.

டாக்டர் மட்டும் நம்பவில்லை. "ஓடி வந்தாலோ, பயந்தாலோ, அந்தச் செல்லுங்க சேர்த்து வச்சதைக் கொட்டிடும்மா. கம்மியா இருக்கறது சரியா இருக்கற மாதிரி காட்டும். நிம்மதியா இன்னொரு நாள் வாங்க. தைரியத்துக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"தனியா வரட்டுமா டாக்டர்?"

"நான் இல்லாம எங்கேயும் போக மாட்டா" என்றான் கதவருகே நின்ற கணவன், சிரித்துக்கொண்டே.

இரண்டாம் முறை அவன் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி இறங்குமுன் காதருகே குனிந்தான். "இன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னு வரட்டும், வீட்டுல இருக்கு உனக்கு."

"எவ்வளவு பாசமா பார்த்துக்கறாரு!" என்றாள் நர்ஸ்.

சரியான அளவு.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடிவை வேறொரு பல் டாக்டரிடம் காட்டினான். அவர் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

பஞ்சு மாற்றி மாற்றி வைத்தும் நிற்கவில்லை. தலையணை நனைந்து மெத்தையில் இறங்கியது. பேச வாயில்லாமல், ஆஸ்பத்திரிக்கு என்று வாசல் பக்கம் கை காட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்கல்ல, பேசாம படு" என்றான் கணவன்.

மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, தலகாணி உறை புதுசுடி."