திரைக்கு வெளியே ஒரு கை

காலை ஏழே முக்கால். எதிர்வீட்டுச் சுவரில் இரண்டு சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். தாலுகா ஆபீசிலிருந்து ரேஷன் கார்டுகளைச் சரிபார்க்க வந்திருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் அரிசித் தட்டுப்பாடு. போலிக் கார்டுகளை ஒழிக்க, கார்டில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று உத்தரவு. பத்திரிகைக்கு அந்தச் செய்தியை அனுப்பியவன் நான்தான்.

எதிர்வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். முந்தின மாதம் இறந்துபோனார். அவர் மனைவி முஸ்லிம் வழக்கப்படி இத்தா இருந்தார்: நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே, வெளி ஆண்கள் கண்ணில் படாமல். நடையில் பச்சைத் திரை தொங்கியது. இரண்டு வயதுப் பெண் குழந்தை மட்டும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, ஆளை வரச் சொல்லுங்க" என்றார் குமாஸ்தா. பழனிப் பக்கத்துக்காரர்.

"இத்தாவுல இருக்கா, எப்பிடி வருவா?" என்றார் இறந்தவரின் அக்கா. "வேணும்னா கையைக் காட்டச் சொல்றேன்."

திரைக்கு வெளியே ஒரு கை வந்தது. வளையல் இல்லை.

கூட வந்தவர் சிரித்தார். "மேலத் தெருவுல ஒரே கை மூணு வீட்டுல நீண்டுச்சு. இது யாரு கைன்னு எவன் கண்டான்?"

"நான் உசுரோடதான் இருக்கேன்யா" என்றது உள்ளிருந்து குரல்.

"அதை வெளிய வந்து சொல்லும்மா."

கணவர் பெயருக்கு நேரே இறப்பு என்றும், மனைவி பெயருக்கு நேரே ஆள் இல்லை என்றும் எழுதினார்கள். பெரியவர்கள் இல்லாத கார்டு செல்லாது. குழந்தையின் பங்கும் அதோடு போயிற்று.

தாலுகா ஆபீசுக்குப் போய், ஒரு பெண் ஊழியரை அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் ஏற்பாடு இல்லீங்க. அந்தம்மாவையே வரச் சொல்லுங்க" என்றார் அதே குமாஸ்தா.

இறந்தவரின் அக்கா தன் வீட்டுச் சோற்றில் கொஞ்சம் கொண்டுவருவார். அங்கேயும் ஆறு பேர். போகப்போக அது ஒருவேளைச் சோறானது. நான் வாங்கிக் கொடுத்த ரொட்டியைக் குழந்தை தின்றது, தாய் தொடவில்லை.

இத்தா முடிய ஒரு மாதம் இருந்தது. குதிரை வண்டி பிடித்து வரும்படி அக்கா என்னிடம் சொன்னார். வண்டியோடு வந்தபோது உள்ளே அக்காவும், அவரை மச்சி என்று கூப்பிடும் தம்பி மனைவியும் பேசுவது கேட்டது.

"ஊரு பேசுமேடி."

"பேசட்டும் மச்சி. ஊரா எம் புள்ளைக்கு வடிச்சுக் கொட்டுது?"

ஆபீசில் மேசைக்கு முன்னால் நின்று அந்தத் தாய் முக்காட்டை விலக்கினார். குமாஸ்தா குனிந்தபடியே பெயரை எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.