இடப்பக்க மைக்

டீக்கடையில் நிற்கும்போதுகூட தசரதன் பக்கத்து ஆளுக்கு இடப்பக்கம், ஓரடி பின்னால் தள்ளித்தான் நிற்பார். அந்த ஆள் ஏதாவது பேசினால் இவர் உதடும் மெல்ல அசையும். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு டம்ளரோடு தள்ளிப் போய்விடுவார்கள். கோளாறெல்லாம் இல்லை. பதினோரு வருஷத் தொழில் பழக்கம், கடையிலும் கூடவே வந்துவிடுகிறது.

தொழிற்சாலைகளுக்கு வந்து ஊக்கப் பேச்சு பேசும் பெரிய மனிதர்களின் ஆங்கிலத்தை, மேடையில் உடன் நின்று அப்போதைக்கப்போதே தமிழில் சொல்வது அவர் வேலை. வாலாஜாபாத்துக்காரர், பி.ஏ. ஆங்கிலம். முதலில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தார், அதை மூடிவிட்டார்கள். வயது நாற்பத்தெட்டு. "பொண்ணு பாக்கப் போன காலத்துல வேலை இல்ல. வேலை வந்த காலத்துல பொண்ணு குடுக்க ஒரு வூடும் இல்ல" என்று தானே சிரித்துக்கொண்டு சொல்வார். வடக்குப்பட்டில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறார். வெள்ளைச் சட்டை மூன்று, டை ஒன்று. மேடையை விட்டு இறங்கியதும் டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார்.

அவர் அதிகம் தமிழாக்கியது கிரண் தேவ்சந்தானியை. மும்பையிலிருந்து வரும் மேலாண்மை குரு. மேடை முழுக்க நடப்பார், இரண்டு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். அந்த இடைவெளிதான் தசரதனுக்கு விட்ட இடம். ஒருமுறை குரு, கோல்ஃப் பந்தை அடித்த பிறகும் கையின் வீச்சை நிறுத்தக் கூடாது என்றார். எதிரே இருந்த முந்நூறு பேரில் கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. தசரதன் யோசிக்கவே இல்லை. "அஞ்சு இருபது கம்பெனி பஸ்ஸைப் புடிக்க ஓடறோம். படியில கால் வெச்சதும் ஓட்டத்த நிறுத்தினா இன்னா ஆவும்? பஸ்ஸு போய்க்கினே இருக்கும், மூஞ்சி ரோட்ல கெடக்கும்" என்றார். கூடம் அதிர்ந்தது. சிரிப்பெல்லாம் தன் கோல்ஃபுக்குத்தான் என்று நம்பிய குரு, அதற்குப் பிறகு போகிற ஊரெல்லாம் அதையே சொல்கிறாராம். அங்கெல்லாம் யாராவது சிரித்தார்களா என்று தெரியவில்லை.

இன்னொரு நாள் குரு, நம் நலனில் அக்கறை உள்ளவர்களோடு தகவல்தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்றார். தசரதன் சொன்னது இது: "ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்குப் போவீங்க. கதவத் தொறந்தா உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். அப்ப ஊருக்கு ஒரு போன் போடுங்க. சாப்டியான்னு கேப்பாங்க. பொய் சொல்லாதீங்க. இன்னா சாப்டீங்களோ அதச் சொல்லுங்க." அந்த 'எனக்குத் தெரியும்' குருவின் ஆங்கிலத்தில் எங்கும் இல்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து உதிரிபாகக் கம்பெனி லைனில் நிற்கிற முப்பிடாதி, மறுவாரம் டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்க சொன்னீயன்னு எங்க அம்மைக்குப் போன் போட்டேன். வெறும் பன்னுதான் தின்னேன்னு சொல்லிட்டேன். அழுதுட்டா. ஆனா ஒரு மணி நேரம் பேசினா சார், ஊருக்கத பூரா."

தசரதன் டீயை ஊதுவதுபோல் குனிந்துகொண்டார்.

"உங்க பேச்ச நெட்டுல தேடினேன் சார். அந்த பம்பாய்க்காரரு இங்கிலீசுலயே பேசிட்டிருக்காரு. உங்களக் காணல."

"எந்தப் பேரப் போட்டுத் தேடின?"

"பேனர்ல இருந்த பேரத்தான். உங்க பேரு என்ன சார்?"

பதினோரு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் தொழிலாளி அவன்தான்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுவாரம் தசரதன் ராஜாமணியின் பிரவுசிங் சென்டருக்குப் போவார். யார் பெயரை எத்தனை பேர் தேடினார்கள் என்று கூகுள் கோடு போட்டுக் காட்டும் பக்கத்தைத் திறந்து, தேவ்சந்தானி பெயரை அடித்து, தமிழ்நாட்டை மட்டும் வைத்துப் பார்ப்பார். சமதரையாகப் போகும் கோடு, ஒரகடம் கூட்டம் நடந்த வாரத்தில் கொஞ்சம் மேலே எழும்பும். "அந்தச் சின்ன மேடு கீதே ராஜாமணி, அது நம்மளுது" என்று விரலை வைத்துக் காட்டுவார். ஒருநாள் சொந்தப் பெயரையும் அடித்துப் பார்த்தார். ராமனுடைய அப்பாதான் வந்தார். "சரி, அவரு பக்கத்துலயும் கடைசியில புள்ளைங்க யாரும் இல்ல" என்று எழுந்து வந்துவிட்டார்.

கம்பெனிகளுக்கு அந்தக் கோடுதான் வேதம். முப்பிடாதி வேலை செய்யும் கம்பெனியின் ஹெச்.ஆர். தேவிப்பிரியா, வருஷா வருஷம் நாலு குருக்களின் கோடுகளை நாலு நிறத்தில் மேலிடத்துக்குக் காட்டுவாள். எந்தக் கோடு உச்சியில் இருக்கிறதோ அவருக்கு அழைப்பு போகும். ஏற்பாட்டுப் பட்டியலில், 'மைக் இரண்டு' என்பதற்கும் 'தண்ணீர் பாட்டில்' என்பதற்கும் நடுவே 'இன்டர்ப்ரெட்டர் ஒன்று' என்று இருக்கும். அதுதான் தசரதன்.

2012-இல் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார். "மேடம், ஒரு தபா நானே பேசறேனே. இருபது நிமிஷம் போதும்."

தேவிப்பிரியா நல்ல பெண். மறுப்பதற்கு அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "சார், உங்க பேரப் போட்டா மேனேஜ்மெண்ட்ல தேடிப் பாப்பாங்க. ஒண்ணுமே வராது. நான் இன்னான்னு சொல்றது?"

அவர் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் பேச்சை எழுதினார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சட்டை மாற்றும்போது அதுவும் சட்டை மாறும். 'என் பெயர் தசரதன்' என்பது அதன் முதல் வரி. அதை அவர் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. படித்துக் காட்ட ஆளும் இல்லை.

2013 நவம்பர் மழையில் தேவ்சந்தானியின் விமானம் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குப் போய்விட்டது. கம்பெனிக் கேன்டீன் கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் லைனை நிறுத்தியாயிற்று. மேடையில் குருவின் ஆளுயரப் படம், நடுவில் விளக்கு வெளிச்சம், அதன் கீழே ஒரு மைக். தேவிப்பிரியா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்தாள்.

"சார், நீங்களே பேசிடுங்க. உங்க பேச்சு. மேனேஜர் சரின்ட்டாரு."

தசரதன் டையைச் சரிசெய்துகொண்டார். மேடை ஏறி, வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கம் ஓரடி பின்னால் இருந்த தன் மைக்கின் முன் நின்றார். காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நாலு மடிப்பும் கிழிகிற நிலையில் இருந்தது. மூன்றாவது வரிசையில் முப்பிடாதி பக்கத்துப் பையனிடம், "இவருதாம்ல நான் சொன்னது. பேரு தசரதன்" என்றது மேடை வரைக்கும் கேட்டது.

கூடம் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் தகரக் கூரையில் கேட்டுக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் போயிற்று.

"சொல்லுங்க சார்" என்றான் முப்பிடாதி. "நாங்க கேட்டுட்டுத்தான இருக்கோம்."

தசரதன் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார். பிறகு வலப்பக்கம் தலையைத் திருப்பி, ஆளில்லாத அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.