வடிக்காத சோறு

என் கணவருக்கு நான் குக்கர் சோறு போட்டேன். வடித்த சோறு என்று சொல்லிப் போட்டேன். ஒரு நாள் அல்ல... வருடக்கணக்கில்!

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஊரில் எந்த வீட்டில்தான் குக்கர் விசில் அடிக்கவில்லை, இதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். நானும் என்னிடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். அவருக்கு வலது கால் இருந்தவரை.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில். அவருக்கு வாழை விளை, அதாவது தோட்டம்; எனக்கு நாகர்கோவிலில் அலுவலக வேலை. அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையை விடக்கூடாது. சம்பா அரிசிச் சோறு, அதையும் கஞ்சி வடித்து, அளவாகச் சாப்பிட வேண்டும்.

"அதுக்கென்ன டாக்டர், எங்க வீட்டுல எப்பவும் வடிச்ச சோறுதான். இவ குக்கர்ல சோறு வைக்கவே மாட்டா" என்றார் அவர். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அது உண்மைதான்.

ஆனால் சிவப்புச் சம்பா பானையில் வேகிறதற்குள் உயிர் போய்விடும்! கொதிக்கும், பொங்கும், அடுப்பை நனைக்கும்... அப்போதும் அரிசி அரிசியாகவே இருக்கும். பஸ்ஸோ எனக்காக நிற்காது. ஒரு நாள் பொறுமை இழந்து குக்கரில் வைத்தேன். வெந்த சோற்றைப் பானைக்கு மாற்றி மூடினேன். நான் கிளம்புமுன் அவர் விளையிலிருந்து வந்து சாப்பிட்டார்.

"இன்னைக்குச் சோறு கொள்ளாம் கேட்டியா!" என்றார்.

நன்றாக இருக்கிறதென்ற அந்த ஒரு சொல்... அதுதான் என்னைக் கெடுத்தது என்று பழியை அவர்மேல் போடலாமா? வேண்டாம்.

குக்கர் சோற்றில் கஞ்சித்தண்ணீர் கிடையாது. அது ஒரு சிக்கல். பக்கத்து வீட்டு லீலா தன் பசுவுக்கு எங்கள் வீட்டுக் கஞ்சியைத்தான் தினமும் எடுத்துப் போவாள். புறவாசலில் அவளுடைய வாளி இருக்கும். வாளி காலியாக இருந்தால் அவள் கேட்பாள்; அவள் கேட்டால் இவருக்குத் தெரியும். அதனால் சுடுதண்ணீரில் அரிசிமாவைக் கரைத்து ஊற்றினேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் கை கழுவப் போகும்போது அந்த வாளியைத் தாண்டித்தான் போவார்.

ஒரு பசுவையும் சேர்த்து ஏமாற்றியவள் நான்!

ஒருமுறை மழை பிடித்து அவர் நேரத்தோடு திரும்பிவிட்டார். உள்ளே நுழையவும் விசில் அடிக்கவும் சரியாக இருந்தது.

"என்னட்டி வேகுது?"

"பயறு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் தலை துவட்டப் போனதும் பயற்றைத் தேடி எடுத்து, கழுவி, வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டுத் தாளித்தேன். பொய்யை உண்மையாக்கப் பட்ட பாட்டில் பாதியைப் பட்டிருந்தால் சோற்றையே வடித்திருக்கலாம்.

பஸ், பஸ் என்று சொல்கிறேனே... விடுமுறை நாளில் எந்த பஸ்? அன்றும் குக்கர்தான். மிஞ்சிய நேரத்தில் என்ன செய்தேன்? புறவாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். போனைப் பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடாத அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். அதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சோறு ருசியாக இருக்கிறதென்று அவர் மேலும் ஓர் அகப்பை கேட்பார். அளவு என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "வடிச்சதுதானே, ஒண்ணும் செய்யாது. போடு" என்பார். வடிக்காதது என்று தெரிந்த ஒரே ஆள் நான். போட்டேன்.

விளையில் ஒரு முள் குத்தியது. புண் ஆறவில்லை. முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே... எடுத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "சோத்தை வடிக்காமச் சாப்பிட்டா இப்படி வருமா டாக்டர்?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதால மட்டும்னு சொல்ல முடியாதும்மா. பல காரணம் இருக்கும்" என்றார். மட்டும்! அந்த "மட்டும்" என்ற சொல்லுக்குள் நான் எவ்வளவு இருக்கிறேன்? யார் அளந்து சொல்வார்கள்? நீங்கள் சொல்வீர்களா?

அவர் வீட்டுக்கு வந்ததும் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். சபையார் வந்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே சாட்சி சொன்னார்.

"காலு போச்சு, உயிரு தப்பிச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இவளுக்கும் சொல்லணும். வேலைக்கும் போய்க்கிட்டு, இத்தன வருசமும் எனக்காகச் சோறு வடிச்சுப் போட்டா. ஒரு நாளு குக்கர் சோறு தந்தது கெடையாது."

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன்.

எங்கள் கோயிலில் தனியாகப் பாவத்தைச் சொல்ல இடம் கிடையாது. ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். செய்யத்தக்கவற்றைச் செய்யாமல் விட்டோம் என்று என் குரலும் அந்தக் கூட்டத்தில் கேட்கும். அதில் சோறு என்று யாருக்குக் கேட்கும்? அதனால்தான் உங்களிடம் வந்தேன். உங்களை எனக்குத் தெரியாது. அது நல்லது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடக்கிறது... அது துக்கமா, பயமா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது வடிக்கிறேன். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, அடுப்புப் பக்கத்திலேயே நின்று, உண்மையாகவே வடிக்கிறேன். குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

"இப்போ கஞ்சி நல்லாருக்குக்கா, மாடு வாளிய நக்கித் தீக்குது" என்று லீலா சொன்னாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்தினார்.

"ஏட்டி, கொஞ்ச நாளா சோத்துல ருசியே இல்லியே. எனக்குக் காலு போன பெறவு உனக்குக் கையும் ஓடல்ல போல" என்று சிரித்தார். பிறகு தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கு இனி வேற என்ன இருக்கு, சொல்லு. முன்னால வடிப்பியே, அதுமாதிரி ஒரு நாளு வடிச்சுத் தா."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... "செரி" என்றேன்.

அவர் மிச்சம் வைத்த சோற்றை லீலாவின் வாளியில் கொட்டினேன். திரும்பி வரும்போது பரணைப் பார்த்தேன். அவரால் இனி அதில் ஏறி எதையும் எடுக்க முடியாது. என்னால் முடியும்.