பயன்படாத கோப்பு

மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஆப் ஒன்றை நாங்கள் செய்திருந்தோம். "போன்ல எடமே இல்ல தம்பி, கொஞ்சம் கொறச்சிக் குடு" என்றார் வீராம்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர்.

பயன்படாத கோப்புகளைக் கண்டுபிடிக்கும் கருவியை ஓட்டினேன். அது தந்த பட்டியலில் எச்சரிக்கை மணியின் ஒலிக்கோப்பும் இருந்தது. அதன் பெயர் எங்கள் நிரலில் இல்லை. புயல் செய்தியோடு அந்தப் பெயரைச் சர்வர்தான் அனுப்பும்; போனில் இருக்கும் அந்தக் கோப்பை எடுத்து ஆப் மணி அடிக்கும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டியலைப் படிக்காமல் மொத்தமாக நீக்கினேன். ஆப் பாதியாக இளைத்தது. அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

அடுத்த புயலுக்குத் திரையில் எழுத்து வந்தது, மணி அடிக்கவில்லை. வலை இழுக்கிறவன் திரையையா பார்த்துக்கொண்டிருப்பான்? அந்தப் படகுக்காரரின் அண்ணன் கரை திரும்பவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"இப்ப எடம் நெறய இருக்கு தம்பி."